முதலாளி துக்கம் கேட்க வந்த வீடு

ஊதுபத்திப் புகைக்கு நடுவே மிஹோவின் படம் சிரிக்கிறது. பிரேக் பிடிக்காத காரில் உயிரை விட்டவள். அந்தக் காரைச் செய்த கம்பெனியின் முதலாளி கோரைப்பாயில் நெற்றி பதித்து மன்னிப்புக் கேட்கிறார். "மூணு தலைமுறையா ஜப்பானே நம்பின பேருங்க, இப்படி ஆயிடுச்சே" என்று குரல் உடைகிறது. அழுகை உண்மைதான்; ஆனால் கம்பெனியின் பேருக்காக. எதிரே மிஹோவின் அப்பா கட்சுஜி, அதே கம்பெனியில் காருக்குக் கதவு மாட்டியே நரைத்தவர். முதலாளியைவிடத் தாழக் குனிந்தே பழகிய உடம்பு. பாயில் இனித் தாழ இடமில்லை. தவழ்ந்தபடியே பின்வாங்கி, வாசலில் செருப்புக் கழற்றும் பள்ளத்தில் இறங்கி, முதலாளியின் பளபளக்கும் ஷூவுக்குப் பக்கத்தில் நெற்றியை வைக்கிறார். "எந்திரிங்க! செத்தது நம்ம பொண்ணு" என்கிறாள் மனைவி சுமியே. "சும்மா இருடி" என்று தரையோடு முணுமுணுக்கிறார் கட்சுஜி. "ஐயா இன்னும் நிமிரல."