நாலாவது மாடியிலிருந்து வந்த மெயில்

லிஃப்ட் ரிப்பேர் கம்பெனி நடத்தும் அக்காவுக்கு அன்று காலையிலேயே கோபம் தலைக்கேறியிருந்தது. வெப்சைட்டில் தொடர்புப் படிவம் போட்டுப் பத்து நாளாகியும் ஒரு மெயில்கூட வரவில்லை.

"மெயில் முகவரியில ஒரு எழுத்தை விட்டுட்டேன்க்கா" என்றான், அதைச் செய்து கொடுத்த தம்பி.

"கண்ணை எங்கடா வெச்சிருந்த?"

அவன் திருத்தினான். உடனே ஒரு மெயில் வந்து விழுந்தது. "லிஃப்டில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பத்து நாளாக எழுதுகிறேன். உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

கீழே இருந்த முகவரியைப் படித்ததும் அக்காவுக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கட்டடத்தைப் போன வருஷமே இடித்துவிட்டார்கள். லிஃப்டைக் கழற்றி எடுத்ததே அவள்தான்.

"எவனோ என்கிட்ட விளையாடறான். கையில கிடைச்சான்னா தோலை உரிச்சிடுவேன்" என்று ஸ்கூட்டரை எடுத்தாள்.

அங்கே முள்வேலியும் புல்லும்தான் இருந்தன. "தைரியம் இருந்தா முன்னாடி வாடா!" என்று கத்தினாள். கையிலிருந்த போனில் அடுத்த மெயில் வந்தது.

"இப்போதாவது வந்தீர்களே. நாலாவது மாடியில் இருக்கிறேன், உங்கள் தலைக்கு நேர் மேலே."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். வெறும் வானம். அங்கிருந்து, யாரோ ஆத்திரத்தோடு கம்பிக்கதவை உலுக்கும் சத்தம் கேட்டது.