ஆட்சேபனை இல்லை

பேனா தாளைத் தொட்டது. நகரவில்லை.

தொட்ட இடத்தில் மசி ஒரு புள்ளியாகப் பரவியது.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அப்பாவின் அலுவலகத்துக் குணாளன் பென்சிலால் குறித்துக் கொடுத்திருந்தார். மூன்று பிரதிகள். மூன்று குறிகள்.

வாசகம் என்னவோ இரண்டே வரிதான். பணியில் இருக்கும்போது இறந்த என் தந்தைக்கான வாரிசு வேலை எனக்கு வேண்டாம். அதை என் தாயாருக்கு வழங்க எனக்கு ஆட்சேபனை இல்லை.

"ரெண்டு வரியப் படிக்க இவ்வளவு நேரமா? எப்படிம்மா டிகிரி வாங்கின நீ?"

சிரிக்க வைக்கப் பார்த்தார் குணாளன். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

கையெழுத்துப் போடாவிட்டால் வேலை மகளுக்கு. பட்டதாரி என்பதால் இளநிலை உதவியாளர். மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர். அப்பா இந்த அலுவலகத்தில் நுழைந்ததும் அந்தப் பதவியில்தான். போகும்போது கண்காணிப்பாளர்.

போட்டால் அம்மாவுக்கு. எட்டாம் வகுப்புக்கு இங்கே ஒரே ஒரு வேலைதான் உண்டு.

அலுவலக உதவியாளர்.

புனேயில் புள்ளியியல் முதுகலைக்கு இடம் கிடைத்துவிட்டது. சேர இன்னும் பதினொரு நாள். வங்கி மேலாளர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். குடும்ப பென்ஷன் போதாது, மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் நின்றால் கடன் தரலாம் என்றார். மாமாவும் மாதச் சம்பளக்காரர்தான்.

"கல்யாணம்னு சொல்லு, எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன். மேல படிக்கணும்னா உங்கப்பா வெச்சிட்டுப் போனத வெச்சுப் படி" என்று போனை வைத்துவிட்டார்.

அப்பா வைத்துவிட்டுப் போனது இந்த வேலை.

அம்மாதான் முதலில் சொன்னாள். புளியைக் கரைத்துக்கொண்டே, பால் பாக்கெட் வாங்கி வரச் சொல்வதைப்போல. வேலைக்கு நான் போறேன். நீ புனேக்குப் போ.

இப்போது அம்மா பக்கத்தில் நின்றாள். பேனாவைப் பார்க்கவில்லை. அப்பா உட்கார்ந்திருந்த மேஜையையும் பார்க்கவில்லை. அதில் வேறு யாரோ இருந்தார்கள்.

குணாளன் அப்பாவிடம் வேலை பழகியவர். தீபாவளி தவறாமல் வீட்டுக்கு வந்து, "அக்கா, இன்னும் ரெண்டு அதிரசம்" என்று உரிமையோடு கேட்டு வாங்கித் தின்றவர். அம்மாவுக்கு அவர் எப்போதும் தம்பி.

உள்ளறையில் மணி அடித்தது.

அதிகாரியின் மணி. அதற்கு எழுந்து ஓட வேண்டிய அலுவலக உதவியாளர் ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகிறது.

மீண்டும் அடித்தது.

குணாளன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"நீங்க இருங்க சார். நான் போய்ப் பாக்கறேன்."

அம்மாவின் குரல்.

குணாளன் பாதி எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். கதவருகே ஒரு கணம் நின்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

மகள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். வேகமாகக் கையெழுத்துப் போட்டாள்.

அம்மா வெளியே வருவதற்குள் மூன்றையும் முடித்துவிட வேண்டும்.