வரிசையில் கடைசிக் குடம்

"கொடத்தை வரிசையில வைய்யா!"

ராஜாத்தி போட்ட சத்தத்தில் தண்டையார்பேட்டையின் அந்தச் சந்தே திரும்பிப் பார்த்தது.

பின்னே? காலை ஆறு மணிக்கே குடங்களை வரிசை கட்டி வைத்துவிட்டுத் தெருவே காத்துக் கிடக்கிறது. எட்டரைக்கு லாரி வந்து, டியூபை மாட்டுகிற நேரமாகப் பார்த்து இந்த ஆள் ஸ்கூட்டரில் ரெண்டு காலிக் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்து முன்னால் நிற்கிறார். யார் என்கிறீர்கள்? தண்ணி ஆபீஸர் சௌக்கத் அலி. எந்தத் தெருவுக்கு எந்த லாரி என்று எழுதிக் கொடுப்பவரே அவர்தான்.

"ரெண்டே கொடம்மா. அவசரம். புடிச்சிகினு போயிடறேன்."

"நாங்க மட்டும் இன்னா, பொழுது போவாமயா நிக்கிறோம்?"

கூட்டம் சிரித்தது. ராஜாத்திக்குச் சிரிப்பு வரவில்லை. குழாயில் வந்த நாத்தம் புடிச்ச தண்ணியைக் குடித்துவிட்டு அவள் பெண் அம்மு மூணு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போது இதே மனுஷனிடம்தான் போய் அழுதாள். "பாக்கறோம்மா" என்றார். பார்த்தாரா? போன வாரம் ராஜாத்தி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ரோட்டை மறித்து உட்கார்ந்த பிறகுதானே தினம் லாரி வருகிறது!

"ஊருக்கெல்லாம் தண்ணி பங்கு போடறவரு வூட்ல தண்ணி இல்லியாம். கேட்டுக்குங்கடி!"

"இல்லம்மா... வூட்ல இன்னிக்கு..."

"இன்னா, விசேஷமா?"

மறுபடியும் சிரிப்பு. அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். குடங்களை அவிழ்த்துக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, சுவரோரமாக நின்றார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாட்டிகினாரு இல்ல, அதான் வேர்க்குது" என்றாள் ராஜாத்தி.

வீட்டுக்கு ஆறு குடம் என்பது தெருவே பேசி வைத்த கணக்கு. ராஜாத்தி தன் ஆறையும் பிடித்தாள். பக்கத்து வீட்டு ஜன்னத் காலையிலேயே எங்கோ போயிருந்தாள், அவளுக்கும் ஆறு பிடித்து வைத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த மனுஷனைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. உள்ளே போய்த் துணி ஊற வைக்கிற பெரிய பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் குடத்துக்கு முந்தின குடத்தோடு தண்ணி நின்றது. லாரிக்காரன் டியூபை உதறிக் காட்டினான். சொட்டு இல்லை.

சௌக்கத் அலி காலிக் குடங்களை மறுபடி ஸ்கூட்டரில் கட்டினார். கயிறு ரெண்டு தரம் கையை விட்டு நழுவியது.

"நல்லா வேணும்!" அவர் காதில் விழட்டும் என்றே ராஜாத்தி சொன்னாள்.

தண்ணியெல்லாம் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு அவள் அக்கடா என்று உட்காரும்போது, ஜன்னத் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"யக்கா, என் தண்ணியில ரெண்டு கொடம் எடுத்துகினு போறேன். மய்யித்தைக் குளிப்பாட்டணும். எறந்தது பொம்பள, பொம்பளைங்க நாங்கதான் செய்யணும்."

"ஐயையோ, யாருடி?"

"நம்ம தண்ணி ஆபீஸர் பாயோட சம்சாரம். விடியக்காலைல மவுத்தாயிட்டாங்க. அவங்க தெரு பூரா வழிச்சு எடுத்தும் மூணு கொடம்தான் தேறிச்சு. பாய் எங்கெங்கியோ சுத்திட்டு, காலிக் கொடத்தோட வந்து வாசல்ல நிக்கிறாரு. பாக்க முடியலக்கா."

ராஜாத்தி திரும்பிப் பார்த்தாள். மூலையில் அந்தப் பக்கெட் தளும்பிக்கொண்டிருந்தது.

"ஆபீஸராச்சேடி... அவரு தெருவுக்கு லாரி வராதா?"

ஜன்னத் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்.

"போன வாரம் நீ ரோட்ல குந்தினியே, அன்னிலேர்ந்து அவங்க தெரு லாரியைத்தான் நம்ம தெருவுக்குத் திருப்பி வுட்டுக்கீறாராம்க்கா."