மதியம் இரண்டு முதல் மூன்று வரை

பரலோகத்துக்கும் பூமிக்கும் நடுவே அந்தச் சபை ஒரு ஜெபச் சங்கிலி கட்டியிருந்தது. மாதத்தின் முதல் வெள்ளி, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒரு கண்ணிகூட அறுந்ததில்லை என்று ஆண்டறிக்கையில் அச்சடித்திருந்தார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு அந்தச் சங்கிலி முழுவதும் அவள் ஒருத்திதான்.

பலிபீடத்துக்கு முன்னால், சிவப்பு வெல்வெட் மெத்தையில் முழங்காலிட்டிருந்தாள்.

அந்த நேரத்தை யாரும் கேட்பதில்லை. சாப்பிட்ட கையோடு கண் சொருகும். அதனால் அவளுக்கே விட்டுக்கொடுத்திருந்தார்கள், அன்பின் மிகுதியால். ஐந்து மாதத்தில் ஒருமுறைகூட அவள் கண்ணயர்ந்ததில்லை. பெருமைப்பட்டுக்கொள்ள அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

இன்று ஒன்றைச் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தாள்.

போதும் ஆண்டவரே. இனி கேட்கமாட்டேன்.

அவ்வளவுதான். ஆனாலும் கையில் கொடுத்த பட்டியலை முதலில் முடித்துவிடலாம் என்று நினைத்தாள். பொறுப்பு பொறுப்புதானே.

கோபுரத்து ஒலிபெருக்கிக்காக ஜெபித்தாள். சபைச் செயலாளர் பொன்னுத்துரையின் மகனுக்குக் கனடா விசா கிடைக்க ஜெபித்தாள். மழைக்காக. திருமண்டலத் தேர்தலில் நம் அணி வெல்வதற்காக.

கணவர் பெயரைத் தேடினாள்.

பக்கவாதம் விழுந்த வருடம் அவர்தான் பட்டியலின் உச்சியில் இருந்தார். சகோதரர் ஞானதிரவியம், பூரண சுகத்துக்காக. மறு வருடம் ஒலிபெருக்கிக்குக் கீழே இறங்கினார். இது நான்காவது வருடம். கடைசி வரிக்குள் போய்விட்டார்.

'மற்றும் நீண்டநாள் வியாதியஸ்தர்கள்.'

அந்த 'மற்றும்' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். பகலிலும். இரவிலும். இப்போது நாத்தனார் வந்து உட்கார்ந்திருக்கிறாள், ஒரு மணி நேரத்துக்கு மட்டும்.

கடிகாரம் மூன்று அடித்தது.

அடுத்த ஆள் வந்து தோளைத் தொட்டால்தான் எழலாம். அது சங்கிலியின் சட்டம். அடுத்த ஆள், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பொன்னுத்துரை.

வரவில்லை.

சரி, அவர் வருவதற்குள் சொல்லிவிடலாம்.

கண்ணை மூடினாள். போதும் ஆண்டவரே, என்று ஆரம்பித்தாள்.

தோளை யாரோ தொட்டார்கள்.

ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் இஸ்ரவேல். ஜன்னல் வெயில் எதிர்ச்சுவரில் ஏறியிருந்தது. மணி ஐந்தே முக்கால். அவள் தரையில் கிடந்தாள். மெத்தை தலைக்கு அடியில் இருந்தது. முழங்காலுக்கு அடியிலிருந்து அதை எப்போது உருவினாள் என்று தெரியவில்லை.

"பதறாதீய அக்கா. ஒங்க நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். அத்தான அவியளே பொரட்டிப் படுக்க வச்சிட்டாவளாம். இங்க மூணு மணிக்காரரும் வரல, நாலு மணிக்காரரும் வரல, அஞ்சுக்கும் ஆளில்ல. ஒங்களையும் எழுப்பிட்டா சங்கிலி அறுந்துருமேன்னு விட்டுட்டேன். இப்ப குருவானவர் வாற நேரம், அதான்."

பக்கத்தில் ஒரு பன்னும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தான்.

தின்றாள், உதிர்ந்த துணுக்கைக்கூட விடாமல். தண்ணீர் முழுவதையும் குடித்தாள்.

சொல்ல வந்தது பாதியில் நின்றிருந்தது. மீதியைத் தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை. அடுத்து அவரை எத்தனை மணிக்குப் புரட்ட வேண்டும் என்பதுதான் மனதில் ஓடியது.

வாசல் மேசையில் ஜெபச் சங்கிலிக்கான நோட்டு இருந்தது. மூன்று மணிக்கு நேரே பொன்னுத்துரையின் கையெழுத்து. காலையிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த மாதத்துப் பக்கத்தைத் திருப்பினாள். இரண்டு மணிக்கு நேரே தன் பெயரை எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, மூன்று மணிக்கும் எழுதினாள்.

அப்புறம்தான் மெத்தை நினைவுக்கு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப ஓடினாள்.

சிவப்பு வெல்வெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு எச்சில் ஈரம்.

இஸ்ரவேல் பார்ப்பதற்குள் அதைத் திருப்பிப் போட்டாள்.

அந்தப் பக்கமும் எச்சில் கறை இருந்தது. காய்ந்த, பழைய கறை.