தாயம்மாள் பாட்டி சொன்னபடி

“வாஷிங் மெஷின் போகட்டும். உள்ளே இருக்கிற டிரம்மை மட்டும் கழட்டிக் குடுக்கச் சொல்லுங்க,” என்றாள் அனுப்பிரியா.

பழைய சாமான் வாங்கும் லோரிக்காரர் வாசலில் காத்திருந்தார். பரமேஸ்வரன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். கிள்ளானில் இந்த வீட்டை வாங்கிய நான்கு ஆண்டுகளில் எந்தப் பொருளையும் அவனால் முழுசாக வெளியே அனுப்ப முடிந்ததில்லை. ரைஸ் குக்கரின் உள்பானையில் மணத்தக்காளி வளர்ந்தது. மின்விசிறியின் கம்பிக் கூண்டில் அவரை ஏறிப் படர்ந்தது. விரிசல் விட்ட பேசினில் புதினா. அவன் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த சப்பாத்து ஜோடியில்கூட, இடதில் ஒன்றும் வலதில் ஒன்றுமாகக் கற்றாழை.

“டிரம்முல என்ன நடப்போற?”

“சோத்துல போடற வாசனை இலை, பண்டான். சுத்தி ஓட்டையா இருக்கு, தண்ணி நிக்காது. பாட்டி சொல்வாங்க, இதைவிட நல்ல தொட்டி கிடையாதுன்னு.”

“கேரி தீவு எஸ்டேட்டுல உங்க பாட்டிக்கு ஏது வாஷிங் மெஷின்?”

“இல்லாததாலதான் அவங்களுக்கு அதோட அருமை தெரிஞ்சுது.”

லோரிக்காரர் சிரித்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். டிரம் வீட்டிலேயே தங்கியது.

தாயம்மாள் பாட்டி, அனுப்பிரியாவின் அம்மாவைப் பெற்றவர். இவர்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பரமேஸ்வரன் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கொசு வரும், டெங்கி என்று சுகாதார அதிகாரிகள் வீடு தேடி வருவார்கள் என்று அவன் பயமுறுத்தினால், ஆணியும் சுத்தியலும் எதற்கு இருக்கிறது, அடியில் நாலு ஓட்டை போடு என்று பாட்டி எப்போதோ சொல்லி வைத்திருந்தார். தாமான் குடியிருப்பில் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்றால், சிரிக்கிறவள்தான் முதலில் கறிவேப்பிலை கேட்டு வருவாள் என்றும் சொல்லியிருந்தார். அது பலித்தும்விட்டது. பக்கத்து வீட்டு ஃபர்ஹானா வாரம் தவறாமல் வந்து கிள்ளிக்கொண்டு போனாள்.

உயிரோடு இருப்பவர்களிடம் வாதாடலாம். இல்லாதவரிடம் எப்படி வாதாடுவது? “அடுத்த எலெக்‌ஷனுக்குப் பாட்டி பேரையும் ஓட்டர் லிஸ்ட்ல சேர்த்துடலாம் லா,” என்று மட்டும் அவன் கிண்டல் செய்வான். உள்ளுக்குள் அவனுக்கு அந்தப் பாட்டிமேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. அவனுடைய இரண்டு பாட்டிமாரும் அவன் பிறக்கும் முன்பே இறந்துபோனவர்கள். பழைய வாளி ஒன்று கண்ணில் பட்டால், இதைப் பார்த்தால் பாட்டி என்ன சொல்லியிருப்பார் என்று அவனே கேட்க ஆரம்பித்திருந்தான்.

அப்போதுதான் ரோட்டோரம் நிறுத்தியிருந்த அவன் காரின் கண்ணாடியை யாரோ இடித்துவிட்டுப் போனார்கள். பரமேஸ்வரன் உறுதியாக முடிவெடுத்தான். வீட்டு முன்னால் இருக்கும் மண்தரை முழுவதும் சிமெண்ட் போட்டு, இரண்டு காரையும் உள்ளே நிறுத்துவது. கொந்திராக்டர் நிஜாம் சனிக்கிழமை ஆட்களோடு வருவதாகச் சொன்னார்.

அனுப்பிரியா இரண்டு நாள் ஒன்றுமே சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, அவன் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

“ஆஸ்பத்திரியில கடைசியா பாட்டி என் கையைப் புடிச்சிக்கிட்டு ஒண்ணுதான் சொன்னாங்க. மண்ணை மட்டும் மூடிடாதேன்னு.”

அவன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். இடது கையாலேயே போனை எடுத்து நிஜாமைக் கூப்பிட்டு வேலை வேண்டாம் என்றான். காரணத்தைக் கேட்ட நிஜாம், பாட்டி விஷயத்தில் தான் என்ன சொல்ல முடியும் பாஸ் என்று சிரித்துவிட்டு வைத்தார். கார் ரோட்டிலேயே நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரவாங்கிலிருந்து மாமியார் இராஜம்மா ரயிலேறி வந்தார். முட்டி வலியால் வீடு குடிபுகுந்த நாளுக்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை. அன்று இங்கே வெறும் கட்டாந்தரைதான் இருந்தது. மகள் சமையலறையில் இருக்க, பரமேஸ்வரன் மாமியாரை மெதுவாக நடத்திக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினான். குக்கர், கூண்டு, பேசின், டிரம்.

“எல்லாம் உங்க அம்மா காட்டின வழி, அத்தை. ஆஸ்பத்திரியில கடைசியா அவங்க சொன்ன வார்த்தையையும் காப்பாத்திட்டோம்.”

இராஜம்மா பண்டான் செடியைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது என்று அவன் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்கார்ந்தவரின் தோள்கள் குலுங்கின. குனிந்து பார்த்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, எங்கம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க. ஆஸ்பத்திரி வாசலையே மிதிச்சதில்ல. செடின்னா அவங்களுக்கு ஆகவே ஆகாது. கையில மண்ணு பட்டா மூணு தடவை சோப்பு போடுவாங்க.”

பரமேஸ்வரன் டிரம்மையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்போ அனு இதெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டா?”

“செடி வளர்க்கிறதையா? அது போனைப் பார்த்துக் கத்துக்கிட்டிருப்பா.” இராஜம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பாட்டிகிட்ட அவ கத்துக்கிட்டது வேற. எங்கப்பாவை எதுக்காவது சம்மதிக்க வைக்கணும்னா, எங்கம்மா ‘எங்க பாட்டி சொல்வாங்க’ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அந்தப் பாட்டியை எங்கப்பாவும் பார்த்ததே இல்ல.”