செட் பேசும் பாஷை

"இந்த வேலையைச் செஞ்சது ஆர்?"

பெரியகல்லாற்று மீனவர் சங்கத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக உதயரூபன் கேட்டார். வணக்கமும் இல்லை, போட்ட கதிரையில் உட்காரவும் இல்லை. கொழும்புக் கொம்பனியின் அதிகாரி என்றால் அப்படித்தான் போலும்.

"நான்தான் சேர்."

கம்சாயினி எழுந்து நின்றாள்.

ஊர்ப் போட்களில் இருக்கும் செட் எல்லாம் அந்தக் கொம்பனி விற்றவை. அவற்றால் நடுக்கடலிலிருந்து கரைக்குச் செய்தி அனுப்பலாம். புது மொடல் வந்ததும் பழைய செட்டுக்கான சேவையைக் கொம்பனி நிறுத்திவிட்டது. அத்தனையும் ஊமையாகிப் போயின. அந்தச் செட்டுகள் தங்களுக்குள் பேசும் பாஷையைக் கம்சாயினிதான் கண்டுபிடித்தாள். தானே ஒரு செயலி எழுதி, அவற்றை மறுபடி கரையோடு பேச வைத்தாள். போன மாரியில் எஞ்சின் நின்று இழுபட்ட போட் ஒன்று கரை சேர்ந்தது அந்தச் செயலியால்தான்.

அதை அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் பொலிஸ் என்கிறது கொம்பனி. இன்றைக்கும் போட் எல்லாம் கடலில்தான் நிற்கின்றன.

"எப்பிடிச் செஞ்சாய்? அதைச் சொல்லு."

அவள் வாயைத் திறப்பதற்குள் சங்கத் தலைவர் வல்லிபுரத்தார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"எங்கட புள்ளைய என்னெண்டு நினைச்சீங்க தம்பி? உங்கட கொம்பனிக் கொம்பியூட்டருக்குள்ளயே பூந்து..."

கொம்பியூட்டர் எந்தப் பக்கம் திறக்கும் என்றே வல்லிபுரத்தாருக்குத் தெரியாது. பெருமை வந்தால் அவருக்குக் கண் மண் தெரிவதில்லை.

"பெரியவர், வாயை மூடுங்க! உங்களிட்ட நான் கேக்கல்ல. வெளியில போங்க!"

கூடியிருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். தலைவரை, அவருடைய சங்கத்திலேயே!

"பக்கத்துச் செட்டிபாளையத்துல பொறந்த பொடியன்தானே நீ? கொழும்புத் தண்ணி குடிச்சதும் மரியாதை மறந்து போச்சோ?" வல்லிபுரத்தார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். பின்னாலேயே நாலைந்து பேர், சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு.

உதயரூபன் திரும்பியும் பார்க்கவில்லை.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. செட் ஆர்ர?"

"எங்கட. கடையில வாங்கினது."

"கொம்பனி ஆள் ஆரும் உனக்கு ரகசியம் தந்தாங்களா?"

"இல்ல."

"எங்கட மென்பொருளைத் திறந்து பாத்தாய் தானே? அதிலிருந்து களவெடுத்தாய் தானே?"

கம்சாயினிக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

"களவெடுக்க எனக்கென்ன தலையெழுத்தா? ரெண்டு செட்டைப் பக்கத்துல வச்சன். ஒண்டு அனுப்ப மற்றது என்ன வாங்குது எண்டு மாசக்கணக்கா பாத்தன். உங்கட மென்பொருளில ஒரு வரியைக் கூட நான் பாத்ததில்ல. எங்கட செட் கதைச்சதை நான் கேட்டன், அவ்வளவுதான். கடலுக்குள்ள போட் நிக்கக்குள்ள செட்டை ஊமையாக்கினது நீங்க, களவெடுத்தது நானா?"

கண்ணகை அம்மாளே, இந்த மனிசனை நீயே கேள் என்று மனத்துக்குள் சபித்தாள்.

உதயரூபன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டீங்க தானே சேர்?"

"கேட்டேன்," என்றது போனில் ஒரு குரல். "அந்தப் பெண் நம்முடைய மென்பொருளைத் தொடவே இல்லை. வழக்குப் போட்டால் நாம்தான் தோற்போம். விட்டுவிட்டு வாங்க."

அழைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் உதயரூபன் கதிரையில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை.

"கொம்பனி லோயர். நான் உள்ள வந்த நேரத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பெரியவர் அந்தப் புளுகை முடிச்சிருந்தா, அதையே புடிச்சு உன்னை உள்ள தள்ளியிருப்பாங்க."

கம்சாயினிக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கொரு சாடை காட்டியிருக்கலாமே சேர்?"

"காட்டியிருந்தா, பாடமாக்கி ஒப்பிச்ச மாதிரிக் கிடந்திருக்கும். நீ வயிறெரிஞ்சு சொன்னாய். அதாலதான் அவர் நம்பினார்."

சபித்ததை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியாமல் அவள் தலை குனிந்து நின்றாள்.

அப்போது வல்லிபுரத்தார் வாசலில் வந்து நின்றார். முகத்தில் அப்படியொரு வெற்றி.

"மகள், நீ ஒண்டுக்கும் பயப்படாத! ஆள்ர வாகனத்தில நாலு சில்லுக்கும் காத்தைத் திறந்து உட்டாச்சு!"