உருவாத வாள்

காரணமில்லாமல் உருவக் கூடாது என்று விற்றவர் சொல்லியிருந்ததால், கணவர் அந்தப் பழங்கால ஜாவாக் குத்துவாளை உறையோடே கூடத்தில் மாட்டி வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"பழைய இரும்புக்குப் போட்டா பேரீச்சம்பழம்கூடக் கிடைக்காது" என்பது மனைவியின் கட்சி.

இன்றைக்கு அருங்காட்சியக நிபுணரே வந்துவிட்டார். வாளை உருவி, பாம்புபோல் நெளிந்த அலகில் விரல் வைத்து எண்ணினார்.

"பன்னெண்டு வளைவு. அசல்னா ஒத்தைப்படையிலதான் இருக்கும். இது போலி சார்."

அவர் விடைபெற்றுப் போனதும் கணவர் இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"நீ சொன்னதுதான் சரி. இனி காய் நறுக்க வெச்சுக்கோ."

ஜெயித்தும் மனைவிக்கு மனசு கேட்கவில்லை.

"ஏங்க, திட்டக் கூடாது. போன மாசம் பெயிண்ட் டப்பா மூடியை இதாலதான் நெம்பினேன். நுனி உடைஞ்சுபோச்சு. சாணை பிடிக்கிறவர்கிட்ட கொடுத்துக் கூராக்கி, பழையபடி மாட்டிட்டேன். உடைஞ்ச துண்டுல ஒரு வளைவு இருந்துச்சு."

கணவர் திட்டவில்லை. செருப்புகூட மாட்டாமல் தெருவில் ஓடினார்.

"சார், நில்லுங்க சார். இது அசல்தான். என் பொண்டாட்டி உடைச்சுட்டா."